வெள்ளைக்கல் அம்பு



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நாலைந்து பேர் மறித்துக் கேட்டார்கள்: "பாடசாலையில என்னமோ அம்பு செஞ்சி அலுமாரில வெச்சிருக்கிறீங்களாமே, என்ன கதை அது?" வெயிலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

"நாங்கள்" என்று எழுதக் காரணம், இதில் ஒருவரும் தனியாக எதையும் செய்யவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர் ஒருவர் (இதை எழுதுகிறவர்), விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர், இஸ்லாம் பாடத்துக்கு வரும் மௌலவி ஒருவர், தரம் 6இலும் 7இலும் இருந்து பதினொரு பிள்ளைகள். ஏழு மகன்மார், நாலு மகள்மார்.

தொடக்கம் தரம் 6 வரலாற்றுப் பாடம். கற்கால மனிதன் கல்லைக் கூராக்கி அம்பு முனை செய்தான், வேட்டையாடினான், குகையில் வாழ்ந்தான் என்று கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகளும் கொப்பியில் எழுதினார்கள். மணி அடித்துவிட்டது. வெளிக்கிடும்போது ஒரு மகன் பின்னால் வந்து, "கல்ல எப்படி சேர் கூராக்குற?" என்று கேட்டான். "உடைச்சி, தேய்ச்சி, அப்படித்தான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டோம்.

அடுத்த நாள் காலை அவன் ஒரு கருங்கல் துண்டோடு வந்தான். முந்திய இரவு கிணற்றடிச் சீமெந்தில் அதைத் தேய்த்திருக்கிறான். பத்து மணி வரைக்கும் சத்தம் கேட்டதாக அவனுடைய உம்மா பிறகு சொன்னார். கல் கூராகவில்லை. கோழி முட்டை மாதிரி வழவழ என்று ஆகியிருந்தது. அவனுடைய இரண்டு விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. "நீங்க சொன்ன மாதிரித்தான் சேர் செஞ்ச" என்றான்.

கல்வியியற் கல்லூரியில் "செய்து கற்றல்" பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியவர்கள் நாங்கள். பரீட்சையில் அதற்கு நல்ல புள்ளியும் எடுத்தோம். ஒரு கல்லில் இருந்து கூர் எப்படி வருகிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் விரலைப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று இடைவேளையில் விஞ்ஞான டீச்சரிடம் கேட்டோம். அவர் சொன்னார்: "தேய்க்கிறது கோடரிக்கு. அம்பு முனைக்குச் சில்லு எடுக்கணும். கண்ணாடி உடையிற மாதிரி உடையிற கல்லு வேணும்." பிறகு அவரே மேசை லாச்சியில் இருந்து இரண்டு வெள்ளைக்கல்லை எடுத்தார். நாம் எல்லோரும் சின்ன வயதில் செய்ததுதான்: போர்வைக்குள் தலையை விட்டு, இரண்டு வெள்ளைக்கல்லை உரசினால் உள்ளே ஒரு மஞ்சள் வெளிச்சம் மின்னும், ஒரு கருகல் வாசம் வரும். அந்தக் கல்தான் குவாட்ஸ். இலங்கையில் கற்கால மனிதன் அதிகமாகப் பாவித்த கல்லும் அதுதான். ஆற்றில் கிடக்கிறது, கிறவல் ரோட்டில் கிடக்கிறது. மிதித்துக்கொண்டு போகிறோம்.

முதலில் கண்ணாடியில் பழகினோம். தடித்த போத்தல் அடிகளைச் சேர்த்தோம். கண்ணுக்கு வெல்டிங் பட்டறையில் இரவல் வாங்கிய கண்ணாடிகள், கொரோனா காலத்து முகக்கவசங்கள், மடியில் மடித்த சாக்கு, எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில். இது முக்கியம்: குவாட்ஸ் தூளும் கண்ணாடித் தூளும் நெஞ்சுக்குள் போகக் கூடாது. அடைத்த அறையில் இதை ஒருவரும் முயற்சி செய்ய வேண்டாம். உடைக்கிற வேலையை ஆசிரியர்கள் மட்டுமே செய்தோம். பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்து, குறிப்பு எழுதினார்கள், சில்லுகளை இடுக்கியால் பொறுக்கினார்கள்.

விஷயம் எங்கே இருக்கிறது என்று பிடிபட இரண்டு கிழமை எடுத்தது. நடுவில் அடித்தால் கல் நொறுங்கும். விளிம்பில் ஒரு தட்டையான இடம் வேண்டும். அந்தத் தட்டைக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். அந்த விளிம்புக்குக் கிட்ட ஒரு உருண்டைக் கல்லால் சாய்த்துத் தட்டினால், சிப்பியின் உட்புறம் மாதிரி வளைந்த ஒரு சில்லு அடிப்பக்கமாகக் கழன்று விழும். விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பிழையாகத் தட்டினால் சத்தம் மந்தமாக வரும். கடைசியில் பிள்ளைகள் பார்க்காமலேயே சத்தத்தை வைத்து "இது சரி", "இது போச்சி" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் பெருவிரல் வெட்டுப்பட்டதும் அந்த நாட்களில்தான். மூன்று தையல். ஆஸ்பத்திரியில் தைத்தவர் "என்ன வெட்டின?" என்று கேட்டார். "கல்லு" என்றோம். நிமிர்ந்து பார்த்தார். "கல்லு அடிக்கும், வெட்டுமா?" என்றார். வெட்டும். புதிதாகக் கழன்ற சில்லின் ஓரம் சவர பிளேடை விடச் சுருக்கு. வெட்டுப்பட்டதே தெரியவில்லை, சாக்கு சிவந்த பிறகுதான் பார்த்தோம்.

கண்ணாடியில் ஓரளவு கை வந்த பிறகு வெள்ளைக்கல்லுக்கு மாறினோம். அங்கேதான் தோற்றோம். வீடியோக்களில் காட்டுகிற மாதிரி, இலை வடிவத்தில், அடியில் இரண்டு காது வைத்த அழகான முனை ஒன்றை எடுக்கப் பார்த்தோம். மூன்று கிழமை. ஒன்றும் வரவில்லை. எங்கள் வெள்ளைக்கல்லுக்குள் ஆயிரம் வெடிப்பு இருக்கிறது. ஒரு பக்கம் தட்டினால் இன்னொரு பக்கம் பிரியும். ஒரு வாளி நிறையக் கல்தூளும் துண்டும் சேர்ந்ததுதான் மிச்சம். அதிபர் அந்தப் பக்கம் போகும்போது வாளியைப் பார்த்துவிட்டு, "கிறவல் போடுறதுக்கா?" என்று கேட்டார். பாவம், உண்மையாகவே கேட்டார்.

பிறகு இலங்கையில் தோண்டி எடுத்தவற்றைப் பற்றி உட்கார்ந்து வாசித்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நாங்கள் செய்யப் பார்த்தது வேறு நாட்டு அம்பு. அந்தப் பெரிய அழகான முனைகள் எரிமலைக் கண்ணாடியும் நல்ல தீக்கல்லும் கிடைக்கிற இடங்களில் செய்தவை. இரண்டு பக்கமும் செதுக்கிய முனைகள் எங்கள் நாட்டிலும் கிடைத்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்குள்ள குகைகளில் அள்ள அள்ளக் கிடைப்பது சின்னச் சின்னக் கல் ஆயுதங்கள். நுண்கற் கருவிகள் என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அவை. விரல் நகம் அளவில் இருந்து விரலின் ஒரு கணு அளவு வரை. முக்கோணம், பிறைவடிவம் என்று சில. குருவிட்டவுக்குப் பக்கத்தில் உள்ள படதொம்பலென குகையில் சிரான் தெரணியகல தோண்டியபோது கிடைத்தவை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. ஏனென்றால் ஐரோப்பாவில் இப்படியான கருவிகள் பரவலாக வருவதற்குப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இங்கே செய்திருக்கிறார்கள். களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே உள்ள பாஹியன் குகையில் கிடைத்த நுண்கற்கள் 45,000 வருடத்துக்கும் மேல் பழையவை. அதே குகையில் எலும்பில் செய்த அம்பு முனைகளும் கிடைத்தன. 2020இல் வெளியான ஆய்வின்படி அவற்றில் மிகப் பழையது ஏறத்தாழ 48,000 வருடம். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் பாவித்ததற்கு அதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று அதுதான் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மழைக்காட்டு மரங்களில் குரங்கும் அணிலும் அடித்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒரு மகள் கேட்டாள்: "அப்ப நாங்கதான் முதல்ல செஞ்சமா சேர்?" இதற்கு என்ன சொல்வது. "நாங்கள்" என்று அவள் சொன்னது எங்களுக்குப் பிடித்திருந்தது. "இந்த நாட்டு ஆக்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

அந்தக் குகைக்காரர்கள் வெள்ளைக்கல்லை உடைத்த முறையும் வேறு. கையில் பிடித்து விளிம்பில் தட்டுவதில்லை. கூழாங்கல்லை ஒரு பெரிய கல்லின் மேல் நிறுத்தி, உச்சியில் நேராக அடிப்பது. கீழேயுள்ள கல்லும் அடிக்கும், மேலேயுள்ள கல்லும் அடிக்கும், நடுவில் உள்ளது விறகு பிளந்த மாதிரி நீளச் சிராய்களாகப் பிரியும். இதை வாசித்த அன்று பின்னேரமே, துணியால் சுற்றிப் பிடித்து அடித்துப் பார்த்தோம். முதல் கல் தூளாகிப் போனது. இரண்டாவது கல் நாலு சிராயாகப் பிரிந்தது. அதில் ஒன்று, கண்ணுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய ஒரு முக்கோணம். பதினொரு பேரும் ஒன்றாகக் கத்தியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து திட்டிவிட்டுப் போனார்.

கருங்கல்லைத் தேய்த்த மகன் கத்தவில்லை. அந்தச் சில்லை இடுக்கியில் பிடித்து வைத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனித் தண்டு. இதில் எங்களுக்கு உதவியது ஒரு பிள்ளையின் மூத்தாப்பா. எழுபது கடந்தவர், ஒரு காலத்தில் மேற்கே காட்டோரத்தில் சேனை செய்தவர். நேரான கம்பு வேண்டும் என்று கேட்டதும், "வினாங்கு வெட்டுங்க. வேடர் அம்புக்கு அதத்தான் எடுக்கிற" என்றார். சிங்களத்தில் வெலங் என்பார்கள். சின்ன விரல் தடிப்பில் இருபத்திமூன்று கம்பு அவரே ஒரு தோட்டத்து வேலியோரத்தில் வெட்டித் தந்தார். பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்து, கட்டாகக் கட்டி, நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஐந்து கிழமை காத்திருந்தோம். பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய கஷ்டம். தினமும் காலையில் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

காய்ந்தவற்றில் ஒன்றுகூட நேராக இல்லை. சிரட்டைத் தணலில் வளைவுள்ள இடத்தைச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும். மேசைக் கண்ணாடியில் உருட்டிப் பார்ப்போம். தடக் தடக் என்றால் இன்னும் வளைவு இருக்கிறது. இருபத்திமூன்றில் தப்பியது பதினொன்று. எண்ணிக்கை அப்படி அமைந்தது தற்செயல்தான். பிள்ளைகள் அதை அல்லாஹ்வின் கணக்கு என்றார்கள், நாங்கள் மறுக்கவில்லை.

மூத்தாப்பாவிடம் பிள்ளைகள் கேட்டார்கள், வேடர்களும் கல் முனைதானா என்று. "இல்ல மகன், இரும்பு. கொல்லன்ட வாங்கிற" என்றார். அவர் சொன்னதற்குப் பழைய எழுத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. 1660இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். வேடர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்களாம். பக்கத்தில் ஒரு இலையை, தங்களுக்கு வேண்டிய முனையின் அளவுக்கு வெட்டித் தொங்கவிடுவார்களாம். கொல்லன் அதே அச்சில் செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இரவில் அம்பு வரும். முகம் பார்க்காத வியாபாரம். பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் அந்த இலைதான் பிடித்தது. மறுநாள் எல்லோரும் இலை வெட்டிக் கொண்டு வந்துவிட்டார்கள்.

இரும்புக்கு முந்திய காலமும் எங்கள் பக்கத்தில் இல்லாமல் இல்லை. 1907இல் சரசின் என்ற குடும்பப் பெயருடைய இரண்டு சுவிஸ் ஆய்வாளர்கள் நில்கல குகைகளில் தோண்டிக் குவாட்ஸ் கருவிகளை எடுத்தார்கள். நில்கல எங்கே? கல்லோயாவின் மேற்பக்கம். அதாவது எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர் கடந்து வருகிற காடு.

முனையைத் தண்டில் பிடித்து வைக்கப் பசை வேண்டும். அதற்கு இரண்டு சாமான். ஒன்று தேன்மெழுகு, மற்றது மரப்பிசின். பிசின் எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மகள் வீட்டில் இருந்து சாம்பிராணிக் கட்டி கொண்டு வந்தாள். வியாழன் இரவில் உம்மம்மா புகைக்கிறது. அதுவும் மரப்பிசின்தானே என்று பால்மாத் தகரத்தில் போட்டு மெல்லிய தணலில் உருக்கி, மெழுகும் சலித்த கரித்தூளும் சேர்த்தோம். பிசின் கூடினால் ஆறியதும் வெடிக்கும், மெழுகு கூடினால் வெயிலில் இளகும். ஏழாவது முறைதான் சரி வந்தது. பாடசாலை முழுக்க மௌலூது வீட்டு வாசம். தகரம் எங்களுடைய ஏமாற்று வேலை. ஆதி மனிதனிடம் தகரம் இல்லை.

கட்டுவதற்கு நரம்பு. இது ஹஜ்ஜுப் பெருநாளோடு வந்து சேர்ந்தது. உழ்ஹிய்யா மாட்டின் பின்கால் நரம்பைப் பொதுவாக யாரும் எடுப்பதில்லை. ஒரு வீட்டார் தங்கள் பங்கில் இருந்து நாலு நரம்பு தந்தார்கள். கழுவிக் காயவைத்தால் கொம்பு மாதிரி இறுகிவிடும். அதை மரக்கட்டையால் தட்டத் தட்ட வெள்ளை நூலாகப் பிரியும். அந்த நூலை நனைத்துச் சுற்றினால் முடிச்சே தேவையில்லை. காயும்போது தானாகச் சுருங்கி, தானாக ஒட்டிக்கொள்ளும். வாயில் வைத்துத்தான் நனைப்பார்கள் என்று வாசித்தோம். டீச்சர் முறைத்தார். சுடுதண்ணீரில் நனைத்தோம்.

அந்தக் கிழமைதான் வேலை நின்றது.

கருங்கல் தேய்த்த மகனின் உம்மா காலையிலேயே பாடசாலைக்கு வந்தார். உள்ளே வந்து கதிரையில் உட்காரவில்லை. வாசலில் நின்றே கதைத்தார். "சேர், புள்ள அம்பு செய்யிறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறான். யாரும் போட்டோ எடுத்துப் போட்டா என்ன செய்ற? ஸ்கூல்ல ஆயுதம் செய்றாங்க எண்டு எழுதினா?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

"2019இல எங்கட வீட்டு அறுப்புக் கத்தியக் கிணத்துல போட்டம் சேர். எங்கட மாமாட காலத்துக் கத்தி. பெருநாளைக்கு மட்டும் எடுக்கிறது. சோதனைக்கு வாறாங்க எண்டு சொன்னாங்க, ராவோட ராவா போட்டாச்சி. இன்னும் எடுக்கல்ல. இப்ப ஒவ்வொரு வருஷமும் இரவல் கத்திதான்."

அந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்த கிழமைகளை உங்களில் யாருக்கும் நாங்கள் விளக்கத் தேவையில்லை. எந்த வீட்டில் எதைப் புதைத்தோம், எந்தப் புத்தகத்தை எரித்தோம், எதை வாய்க்காலில் விட்டோம் என்று அவரவருக்குத் தெரியும். கத்தி வைத்திருந்ததற்காகப் பிடிபட்டவர்களின் செய்திகளை அப்போது நாம் எல்லோரும் பார்த்தோம். அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. சொல்லப்போனால் எங்களுக்கும் அந்த யோசனை முதல் நாளே வந்தது. வந்ததை வெளியே சொல்லாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

அதிபரிடம் போனோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இரண்டு கிழமை நிப்பாட்டி வைங்க, யோசிப்பம்" என்றார். நரம்புச் சுருளையும் தண்டுகளையும் அலுமாரியில் பூட்டினோம். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். தவணைப் பரீட்சை வருகிறது என்றோம். அது பொய். அந்தப் பொய்யை அவர்கள் நம்பினார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கருங்கல் மகன் நிச்சயமாக நம்பவில்லை. அவனுக்குக் கிணற்றின் கதை தெரியும்.

அந்த இரண்டு கிழமையில் எங்களுக்குள் நிறைய வாதம் நடந்தது. விட்டுவிடுவோம், எதற்குத் தலையிடி என்று எங்களில் ஒருவர். வரலாற்றுப் பாடம் எழுதிக் கொடுத்தால் போதும், சோதனையில் யாரும் அம்பு செய்யச் சொல்லிக் கேட்கப்போவதில்லை என்பதும் உண்மைதான். மௌலவிதான் வேறு ஒன்று சொன்னார். அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டை அம்பைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். கூர் முனை துளைத்து இறந்ததை உண்ணலாம், அகலப் பக்கம் அடித்து இறந்ததை உண்ணக் கூடாது என்ற சட்டம் அந்தக் கேள்வியில் இருந்து வந்தது. "முனைக்கும் தண்டுக்கும் வித்தியாசம் தெரியாத புள்ளைக்கு இந்த ஹதீஸ எப்படி விளங்கப்படுத்துற?" என்று கேட்டார். அதுவரை அவர் வேப்பமரத்தடிக்குப் பிள்ளைகளுக்குக் காவல் இருக்க மட்டும்தான் வந்தார் என்று நினைத்திருந்தோம்.

பெற்றோர் பதினொரு வீட்டாரையும் கூப்பிட்டோம். ஒன்பது வீட்டார் வந்தார்கள். என்ன செய்கிறோம், எங்கே வைக்கிறோம், யார் கையில் இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னோம். பாடத்திட்டத்தின் எந்த அலகு என்று எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு ஒரு கோவை திறந்தோம். அம்பும் வில்லும் பாடசாலைக்கு வெளியே போகாது. படம் எடுப்பது ஆசிரியர்கள் மட்டும். அந்த உம்மா கூட்டம் முடியும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. போகும்போது "சரி சேர், செய்யுங்க. ஆனா எழுதி வைங்க" என்றார்.

மீண்டும் தொடங்கினோம். சிராயின் ஒரு பக்க விளிம்பை ஆணியால் அழுத்தி மழுக்கினோம், இல்லாவிட்டால் அது நரம்பையே வெட்டிவிடும். குகைகளில் கிடைத்த நுண்கற்களிலும் ஒரு பக்கம் இப்படி மழுக்கியிருப்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். தண்டின் நுனியில் பள்ளம் எடுக்க வேறொரு கல் சில்லைத்தான் வாள் மாதிரிப் பாவித்தோம். நுனியில் ஒன்று, பக்கத்தில் முள் மாதிரி ஒன்று, பசை, நரம்பு. பின்னால் இறகு. சேவல் இறகு மெதுமை, வான்கோழிச் சிறகுதான் சரி. நடு ஈர்க்கை இரண்டாகப் பிளந்து மூன்று பக்கமும் கட்டினோம்.

இறகு எதற்கு என்று பிள்ளைகள் நம்பவில்லை. இறகில்லாத ஒன்றை விட்டுக் காட்டினோம். அது பாதி வழியில் குறுக்காகத் திரும்பி, மௌலவியின் மோட்டார் சைக்கிள் சீட்டில் விழுந்தது. பிறகு நம்பினார்கள்.

வில் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூத்தாப்பா செய்து தந்தார். மரல் நாரில் நாண் திரிக்கப் பார்த்தோம். அந்தச் செடிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே வில்நாண் சணல் என்பதுதான். மூன்று தரம் அறுந்தது. கடைசியில் நைலோன் கயிறு.

விளையாட்டு மைதானத்தின் மூலையில், எல்லாப் பிள்ளைகளையும் பின்னால் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தி, எட்டு அடி எடுத்து வைத்த தூரத்தில் வாழைக்குற்றி ஒன்றை நட்டோம். கல் முனை அம்பு உள்ளே போனது. நல்ல சந்தோசம். அடுத்ததாக, வெறுமனே சீவிக் கூராக்கிய தண்டை, கல்லே இல்லாமல் விட்டோம். அதுவும் கிட்டத்தட்ட அதே ஆழம் போனது!

எல்லோருக்கும் முகம் தொங்கிப் போனது. மூன்று மாதம், ஒரு வாளிக் கல், மூன்று தையல். சும்மா சீவிய கம்பே போதும் என்றால் எதற்கு இத்தனையும்?

தரம் 7 மகள் ஒருத்திதான் சொன்னாள்: "வாழைக்குத் தோல் இல்லையே சேர்." உழ்ஹிய்யாத் தோல் துண்டு ஒன்று காய்ந்து கிடந்தது. அதை நனைத்துக் குற்றியில் போர்த்திக் கட்டினோம். சீவிய கம்பு ஐந்து தடவையில் ஒரு தடவைதான் துளைத்தது. கல் முனை ஐந்தில் நாலு. தோலில் அது விட்டுப் போன காயம் கத்தியால் கீறின மாதிரி நீளமாகத் திறந்து கிடந்தது. இரண்டு முனை உள்ளேயே உடைந்து தங்கிவிட்டன. அன்று பிள்ளைகள் சத்தம் போடவில்லை. ஒரு மகன், "இது மான்ல பட்டா வலிக்கும்தானே சேர்" என்று கேட்டான். ஓம் என்றோம். மௌலவி அந்த இடத்திலேயே கூர் முனையின் சட்டத்தை எடுத்துச் சொன்னார். இனி அந்தப் பாடத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

இப்போது எல்லா அம்பும் கண்ணாடி அலுமாரியில், பூட்டி, முனைக்குத் தடித்த மட்டை உறை போட்டு இருக்கின்றன. பெயர்ச்சீட்டு எழுதும் வேலையைக் கருங்கல் மகனிடம் கொடுத்தோம், எழுத்து அழகானவன். "கற்கால வேட்டை அம்பு: மாதிரி. வரலாற்றுப் பாடக் கற்பித்தல் உபகரணம்." தமிழில் எழுதினான். பிறகு சிங்கள டீச்சரிடம் கேட்டுச் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில். எழுதிக்கொண்டே கேட்டான்: "மற்ற அலுமாரில தவளைப் போத்தல், பூகோள உருண்டை எல்லாம் இரிக்கி. அதுக்கெல்லாம் தமிழ்ல மட்டும்தானே சேர் எழுதின. இதுக்கு ஏன் மூணு பாஷை?"

அவன் கேட்கிற கேள்விகள் இப்படித்தான். முதல் தடவை மாதிரி வாயில் வந்ததைச் சொல்லக்கூடாது என்று இந்த முறை சும்மா இருந்தோம். அவன் சிறிது நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதி முடித்தான்.

அவனுடைய உம்மா போன கிழமை வந்து அலுமாரியைப் பார்த்தார். மகன் எழுதிய சீட்டை மூன்று மொழியிலும் விரல் வைத்து வாசித்தார். பிறகு சொன்னார்: "இந்த வெயிலுக்குக் கிணறு இறைக்கணும். கத்தி துருப்பிடிச்சித்தான் இருக்கும். வந்தா உங்கட அலுமாரில வைக்கலாமா சேர்?" பகிடியாகச் சொன்னாரா தெரியவில்லை. வைக்கலாம் என்றோம். அதற்கு என்ன பெயர்ச்சீட்டு எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பார்க்க விரும்புகிறவர்கள் பாடசாலை நாட்களில் இரண்டு மணிக்கு முன்னர் வரலாம், அதிபரிடம் சொல்லிவிட்டு. யார் வீட்டிலாவது வான்கோழி இருந்தால் விழுகிற சிறகை எறியாமல் எடுத்து வைத்துத் தாருங்கள். அடுத்த தரம் 6 பிள்ளைகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.